லெட்ஜரை மூடி வைத்துவிட்டுப் பாட்டு எழுதியவர்

சாரல் தொடங்கிவிட்டது. அருவிகளில் கூட்டம், தென்காசிக் கடைத்தெருவில் கூட்டம், நம் குடியிருப்பிலும் கூட்டம்தான். துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகள் பேரன் பேத்திகளை அழைத்து வந்து ஒரு மாதம் நம்மிடம் விட்டிருக்கிறார்கள். லிஃப்டில் ஏறினால் நாலு மொழி கேட்கிறது, அதில் தமிழ்தான் கொஞ்சம் குறைச்சல். இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் படித்துக் காட்ட என்ன இருக்கிறது, யார் எழுதிய புத்தகத்தை வாங்கலாம் என்று உங்களில் மூன்று பேர் நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். இதழ்க் குழு அந்தக் கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டது.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனாலும் தைரியமாக எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதிலாக வரும் மனிதரும் வங்கிக்காரர். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. பெயரைச் சொன்னால் அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் தலையாட்டுவீர்கள். நாம் ஒன்றாம் வகுப்பில் கையைத் தட்டிப் பாடிய பாட்டுகளில் பல அவருடையவை. யார் எழுதியது என்று தெரியாமலேயே பாடினோம்.

அவர் 1922 நவம்பர் 7 அன்று ராயவரத்தில் பிறந்தார். இன்று அது புதுக்கோட்டை மாவட்டம். அன்று புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம், ராஜா ஆண்ட சீமை. நகரத்தார் குடும்பம். அப்பா பெயர் அழகப்பன், அதன் சுருக்கம்தான் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘அழ’. பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவருக்கு இப்படி ஒரு இனிஷியலா என்று அந்தக் காலத்து மேடைகளில் வேடிக்கையாகப் பேசுவார்கள். ராயவரத்திலும் பக்கத்துக் கடியாபட்டியிலும் பள்ளிப் படிப்பு. அதோடு சரி, கல்லூரிக்குப் போகவில்லை. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. எழுதுவதற்குப் பெரிய படிப்பு வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

1940-ல், பதினெட்டு வயது ஆகும் முன்பே சென்னைக்கு வந்து ‘சக்தி’ அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சக்தி வை. கோவிந்தன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல புத்தகம் சாதாரண மனிதன் கைக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்று பதிப்புத் தொழிலில் பணத்தைக் கொட்டியவர், அவரும் ராயவரத்துக்காரர். அங்கே ஆசிரியராக இருந்த தி. ஜ. ரங்கநாதன் இந்தப் பையனைத் தட்டிக் கொடுத்து எழுத வைத்தார். முதல் கதைக்குப் பெயர் ‘ஆளுக்குப் பாதி’. இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

அடுத்த வருடமே, 1941-ல், இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் என்ற வெள்ளைக்காரர் வங்கி கவிழ்ந்து, பலருடைய சேமிப்பு போன பிறகு, நம்மவர்கள் சேர்ந்து 1907-ல் தொடங்கிய வங்கி அது. அதில் அவர் 1982-ல் ஓய்வு பெறும்வரை இருந்தார். நாற்பத்தோரு வருடம்.

நீங்கள் இன்று செல்போனில் பணம் அனுப்பிவிட்டு டீயைக் குடிக்கிறீர்கள். அந்த நாற்பத்தோரு வருடத்தில் வங்கி வேலை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்கிறேன். எல்லாம் கைக்கணக்கு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லெட்ஜரில் ஒரு பக்கம், வரவும் பற்றும் மையால் எழுத வேண்டும். சாயங்காலம் டேபுக் நேராக வேண்டும். பத்துப் பைசா இடித்தாலும் எழுந்து போக முடியாது. எங்கே இடிக்கிறது என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்க்க வேண்டும். ஜூன் 30, டிசம்பர் 31 அரையாண்டு முடிப்பு என்றால் வட்டிக் கணக்குப் போட்டு முடிக்க நடுராத்திரி ஆகிவிடும். நான் சேர்ந்த காலத்திலும் கம்ப்யூட்டர் இல்லை, அதனால் அந்தக் களைப்பு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் தோன்றும். அந்தக் களைப்புக்குப் பிறகு ஒருவர் மேஜையில் உட்கார்ந்து முயலுக்கும் அணிலுக்கும் பாட்டு எழுதினார், அதுவும் ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, வாழ்நாள் முழுக்க. அவருடைய திறமையை விட இந்த விடாப்பிடிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. திறமை பலருக்கு இருக்கிறது.

1944-ல் ‘மலரும் உள்ளம்’ வந்தது. இருபத்து மூன்று பாட்டுகள் கொண்ட சிறு புத்தகம். எழுதியவருக்கு வயது இருபத்திரண்டுகூட இருக்காது. பத்து வருடம் கழித்து, 1954-ல், அதே பெயரில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளோடு பெரிய தொகுப்பாக வந்தது. 1961-ல் இரண்டாம் தொகுதி. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வளர்ந்த புத்தகம். ரெக்கரிங் டெபாசிட் மாதிரி என்று நான் சொன்னால் சிரிக்காதீர்கள்.

லட்டுப் பாட்டு உங்களுக்குத் தெரியும். ஒரு தட்டு, அதில் எட்டு லட்டு. அண்ணன் பாதியை எடுத்துக்கொள்கிறான், மீதியைத் தங்கை தின்றுவிடுகிறாள். கடைசியில் தட்டு காலி. இவ்வளவுதான் பாட்டு. முழுப் பாட்டிலும் ஒரே எதுகை ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் மூன்று வயதுப் பிள்ளை இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை தானே சொல்லிவிடும். நான் இதை வங்கிக்காரனின் கண்ணோடு பார்க்கிறேன். தொடக்க இருப்பு எட்டு. பற்று நான்கு, பற்று நான்கு. முடிவு இருப்பு பூஜ்யம். கணக்கு நேராக முடிகிறது! அண்ணன் தங்கைக்குள் சண்டை இல்லை, ஆணுக்கு ஒன்று கூடுதல், பெண்ணுக்கு ஒன்று குறைவு என்ற பேச்சும் இல்லை. அவருடைய முதல் கதைக்கு என்ன பெயர் என்று மேலே சொன்னேனே, அதை இப்போது நினைத்துப் பாருங்கள்.

அவருடைய எல்லாப் பாட்டும் இந்தத் தரத்தில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். சிலவற்றில் உபதேசம் தூக்கலாக இருக்கும். பொய் சொல்லாதே, சோம்பேறியாக இராதே என்று முடியும். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள், பெற்றோரும் அதைத்தான் கேட்டார்கள். அவற்றையும் பேரப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள், பிடிக்கவில்லை என்றால் அதுவே பக்கத்தைப் புரட்டிவிடும்.

ராயவரத்துக்காரரைப் பற்றித் தென்காசியில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறீர் என்று கேட்பீர்கள். அவர் வந்து சேர்ந்த வழியில் நம் சீமைக்கும் பங்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கென்று தமிழில் புதுப்பாட்டு எழுதலாம் என்று காட்டியவர் பாரதி. அவர் புதுச்சேரியை விட்டு வந்த பிறகு மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில், நம் மாவட்டத்துக் கடையத்தில்தான், 1918-லிருந்து 1920 வரை இருந்தார். அடுத்து தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பள்ளி ஆசிரியராக இருந்த அனுபவத்தில் கிளிக்கும் பசுவுக்கும் பாட்டு எழுதினார். அந்தக் கவிமணியின் பாட்டுகளை ஊர் ஊராக எடுத்துச் சொல்லிப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் நம் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தொடங்கிய அவருடைய வட்டத்தொட்டி பிறகு குற்றாலத்துக்கு வந்தது. ராஜாஜியும் கல்கியும் சாரலுக்கு வந்து அங்கே தங்கினார்கள். பாட்டைக் கண்ணால் படித்தால் போதாது, வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேட்க வேண்டும் என்பது டி.கே.சி.யின் கட்சி. பெரியவர்களின் கவிதைக்கு அவர் சொன்னது குழந்தைப் பாட்டுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. வாயில் உருளாத பாட்டைப் பிள்ளை துப்பிவிடும். 1954 பிப்ரவரியில் டி.கே.சி. காலமானார், செப்டம்பரில் கவிமணி, டிசம்பரில் கல்கி. ‘மலரும் உள்ளம்’ பெரிய தொகுப்பாக வந்ததும் அதே வருடம்தான்.

இனி, அவர் செய்ததில் நான் பெரிதாக நினைப்பதற்கு வருகிறேன்.

சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் தமிழில் சிறுவர் பத்திரிகைகள் மழைக் காளான் மாதிரி முளைத்தன. சென்னையிலிருந்தும் புதுக்கோட்டைப் பக்கமிருந்தும் எத்தனையோ வந்தன, சீக்கிரமே நின்றும் போயின. பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை போன்ற இதழ்களில் வள்ளியப்பாவின் உழைப்பு உண்டு. பகலில் வங்கி, இரவில் பத்திரிகை. அப்போது ஒன்று அவர் கண்ணில் பட்டது. பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. பெரிய எழுத்தாளர்களோ இவர்களை எழுத்தாளர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. குழந்தைக்கு எழுதுவது ஏதோ சில்லறை வியாபாரம் என்ற எண்ணம்.

1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியது. முன்னின்று உழைத்தவர் வள்ளியப்பா, முதல் தலைவராக உட்கார்ந்தவர் சக்தி வை. கோவிந்தன். தான் உழைத்துவிட்டு நாற்காலியை மூத்தவருக்குக் கொடுத்ததைக் கவனியுங்கள். நம் குடியிருப்போர் சங்கத் தேர்தலை நினைத்துக்கொண்டு இதை எழுதவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், போகட்டும். பிறகு செயலாளர், தலைவர், ஆலோசகர் என்று பல பொறுப்புகளில் அவரும் இருந்தார்.

சங்கம் என்றால் வருடத்துக்கு ஒரு கூட்டம், ஒரு பொன்னாடை என்று நிற்கவில்லை. குழந்தை இலக்கிய மாநாடுகள் நடத்தினார்கள். குழந்தைப் புத்தகங்களுக்கென்றே கண்காட்சி வைத்தார்கள். எழுதுகிறவர்களுக்குப் போட்டி வைத்தார்கள், வசதியுள்ளவர்களிடம் பேசிப் பரிசுக்குப் பணம் திரட்டினார்கள், பரிசு பெற்ற எழுத்து புத்தகமாகவும் வெளிவர வழி செய்தார்கள். புதிதாக எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? யார் யார் பிள்ளைகளுக்கு எழுதுகிறார்கள் என்று விவரம் சேர்த்து ஒரு கையேடும் கொண்டுவந்தார்கள். பெயர், ஊர், எழுதிய புத்தகம் என்று வரிசையாக. இதெல்லாம் கவிஞர் வேலை இல்லை. கடிதம் எழுதுவது, பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவது, நன்கொடைக்கு ரசீது போடுவது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது எல்லாம் கிளார்க் வேலை. தமிழில் நல்ல கவிஞர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், ஆனால் இந்த வேலையை யாராவது ஒருவர் செய்ய வேண்டியிருந்தது. ஒரு வங்கி ஊழியர் செய்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

தனக்குப் போட்டியாக வரக்கூடியவர்களைத் தானே தேடிப் பிடித்து வளர்ப்பவர்களை நான் அலுவலகத்தில் அதிகம் பார்த்ததில்லை. தனக்குத் தெரிந்த வேலையைப் பக்கத்து மேஜைக்காரனுக்குச் சொல்லித் தராதவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அந்த அனுபவம் இருக்கும்.

பிள்ளைகளிடமும் அவர் அப்படித்தான். பள்ளிகளிலும் விழாக்களிலும் பிள்ளைகள் நடுவில் நின்று கதை சொல்வார், பாட்டுச் சொல்வார், அவர்களையும் சொல்ல வைப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை எழுதுகிற பிள்ளையாக மாற்றுவதில்தான் அவருக்கு நாட்டம். ஓய்வுக்குப் பிறகு, 1983 முதல் 1987 வரை, கல்கி நிறுவனத்தின் ‘கோகுலம்’ இதழுக்குக் கௌரவ ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகளின் எழுத்துக்கு நிறைய இடம் கொடுத்தார். தன் பெயர் அச்சில் வந்திருப்பதைப் பார்த்த பிள்ளை அந்தப் பத்திரிகையை என்ன செய்யும்? தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டும். அப்புறம் அடுத்ததை எழுத உட்காரும். கோகுலத்தில் சிறுவயதில் எழுதத் தொடங்கிப் பின்னாளில் எழுத்தாளரானவர்கள் உண்டு.

இதற்கு அவருக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. உட்காரத் தரை, ஒரு மணி நேரம், சொல்ல ஒரு கதை. நம் கட்டிடத்தின் கீழ்த்தளப் பொது அறையை என்ன செய்வது என்பது வரும் பொதுக்குழுவில் வருகிறது. உடற்பயிற்சிக் கருவி வாங்கிப் போடலாம் என்று ஒரு கட்சி. வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கே தொப்பை இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் அந்த அறை பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தும் இருந்தால் நல்லது. கதை சொல்ல ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் தளத்தில் இரண்டு ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள், மூன்றாம் தளத்து ஆச்சிக்குத் தெரியாத பேய்க்கதை இந்த ஜில்லாவில் கிடையாது.

வள்ளியப்பா உரைநடையிலும் நிறைய எழுதினார். ‘பர்மா ரமணி’, ‘நீலா மாலா’ இரண்டும் சிறுவர் நாவல்கள். பர்மா என்றால் நகரத்தார் வீடுகளில் வெறும் ஊர்ப்பெயர் இல்லை. லேவாதேவிக்குப் போய்ச் சேர்த்த சொத்தை 1942-ல் ஜப்பான் படை வந்தபோது அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள் லட்சக்கணக்கில். அந்தப் பர்மாவிலிருந்து வரும் பையனைக் கதாநாயகனாக வைத்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு யுத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் இங்கிருந்து தொடங்கலாம்.

‘நம் நதிகள்’ நேஷனல் புக் டிரஸ்டுக்காக எழுதியது. மற்ற இந்திய மொழிகளிலும் மொழிபெயர்ப்பாகப் போன புத்தகம். நம் பிள்ளைகள் தினமும் சிற்றாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகிறார்கள். அருவியாய் விழும் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது என்று எத்தனை பேர் சொல்வார்கள்? நதியைப் பற்றிய புத்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டு ஆற்றங்கரைக்கும் அழைத்துப் போக வசதியுள்ள ஊரில் நாம் இருக்கிறோம்.

‘பாட்டிலே காந்தி கதை’ பெயரே சொல்கிறது, காந்தியின் வாழ்க்கையைப் பாட்டாகச் சொல்லும் புத்தகம். அதைப் படிக்கும்போது கூடவே நம் ஊர்ச் சங்கதி ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1934-ல் காந்தி குற்றாலத்துக்கு வந்தார். தாழ்த்தப்பட்ட மக்களை அருவியில் குளிக்க விடுவதில்லை என்று தெரிந்ததும், தானும் குளிக்காமல் திரும்பிவிட்டார். மெயின் அருவியில் இன்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு குளிக்கிறோமே, அது ஒரு காலத்தில் அப்படி இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

நடுவில் சில காலம் வங்கியிலிருந்து அவரைத் தென்மொழிகள் புத்தக நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நல்ல புத்தகம் குறைந்த விலையில் நிறையப் பேருக்குப் போய்ச்சேர வேண்டும் என்று ஏற்பட்ட நிறுவனம். ஊழியரின் ஈடுபாட்டைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற இடத்துக்கு அனுப்பிய நிர்வாகத்தையும் பாராட்ட வேண்டும். பிறகு திரும்பி வந்து தொடர்ந்து வங்கி வேலை பார்த்தார். பாட்டு பெயர் வாங்கிக் கொடுத்ததே, வேலையை விட்டுவிடலாம் என்று அவர் போகவில்லை. குழந்தைப் புத்தகத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்ற கணக்கு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும். இன்றைக்கும் தமிழில் அந்தக் கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை. சம்பளம் ஒரு பக்கம் வந்ததால்தான் விற்குமா விற்காதா என்று பாராமல் எழுத முடிந்தது என்பது என் அபிப்பிராயம்.

1989 மார்ச் 16 அன்று காலமானார். வயது அறுபத்தாறு. நம்மில் பாதிப்பேரின் இன்றைய வயது.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். ஆறு வயதுக்குக் கீழே என்றால் ‘மலரும் உள்ளம்’. படிக்கச் சொல்லாதீர்கள், நீங்கள் பாடுங்கள், பிள்ளை தானே சேர்ந்துகொள்ளும். ஏழு எட்டு வயதுக்கு ‘ஈசாப் கதைப் பாடல்கள்’. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கு ‘நீலா மாலா’, ‘பர்மா ரமணி’. தமிழே படிக்கத் தெரியாத பன்னிரண்டு வயதுப் பேரன் வந்திருக்கிறானா? ‘பர்மா ரமணி’யைத் தினம் ஓர் அத்தியாயம் நீங்கள் படித்துக் காட்டுங்கள், முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். மறுநாள் அவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான்.

இவற்றில் மூன்று புத்தகங்கள் நம் சங்க அலுவலக அலமாரியில் இருக்கின்றன. பக்கத்தில் நோட்டு தொங்குகிறது, ஃபிளாட் எண்ணும் தேதியும் எழுதி எடுத்துப் போகலாம். ‘மலரும் உள்ளம்’ ஒரே பிரதிதான், பி பிளாக்கில் நாலு பேர் வரிசையில் இருக்கிறார்கள். பத்து நாளில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.